ஜெயராஜ் கட்டிய கயிறு

நீலசந்திரா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கில்பர்ட்,

நீங்களும் கப்பலில் உள்ளவர்களும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

நான் சோதித்து அனுப்பிய செயற்கைக்கோள் கேமராவில் குறை எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை எங்கள் தலைவர் பாமா மேடமே என் மேசைக்கு வந்து இதைச் சொன்னார்.

போன மாதம் போனில் என் குரல் சரியில்லை என்றீர்கள். காரணம் இதுதான். எங்கள் செயற்கைக்கோள் நிலத்தின் வெப்பத்தைப் படம் எடுக்கிறது. படம் சொல்வது சரிதானா என்று பார்க்க, அது தலைக்கு மேலே போகும் நேரத்தில் நாங்கள் ஏரியில் படகில் போய்த் தண்ணீரின் வெப்பத்தை அளப்போம். போன மாதம் இப்படிப் போன இரண்டு முறையும் எங்கள் அளவைவிடப் படம் இரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டியது. கேமரா தப்பு என்றால், அதைப் பொம்மசந்திரா ஆய்வகத்தில் சோதித்த நான்தான் பதில் சொல்ல வேண்டும். என்னை நிரந்தரமாக்கும் பேச்சும் அதோடு நின்றுபோயிருந்தது.

திங்கட்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பக்கெட்டில் கையை விட்டுச் சுட்டுக்கொண்டேன். பச்சைத் தண்ணீர்மேல் அத்தை வெந்நீரை ஊற்றி வைத்திருந்தார். "மேலதான்டி சுடுது, அடியில ஜில்லுன்னுதான் கிடக்கு. கலக்கிட்டு ஊத்திக்கோ" என்றார் சமையலறையிலிருந்தே. நான் கலக்காமல் அப்படியே நின்றேன்.

ஏரியில் வெப்பமானியை ஒரு காலி பாட்டிலில் கட்டி மிதக்கவிட்டவர் எங்கள் குழுவின் ஜெயராஜ். அலையில் ஆடக்கூடாதென்று ஒரு முழத்துக்கு மேல் கயிறு விட்டு அதைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருந்தார். கேமராவுக்குத் தெரிவது தண்ணீரின் மேற்பரப்பு மட்டும். காற்றில்லாத வெயிலில் அது அடியைவிடச் சூடாக இருக்கும். எல்லோரும் பாடத்தில் படித்ததுதான். படகில் ஏறியதும் மறந்துவிட்டோம்.

வியாழனன்று வெப்பமானியைத் தண்ணீரின் மேற்பரப்பை ஒட்டிக் கட்டினோம். இரண்டு அளவும் ஒத்துப்போயின. "உன் கேமராவுக்கு ஜுரம் இல்லம்மா, என் கயிறுதான் நீளம்" என்று சொல்லி ஜெயராஜ் எல்லோருக்கும் மசால் தோசை வாங்கிக் கொடுத்தார்.

அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை. இன்று பூசைக்கு நடந்தே வந்தார். திரும்பியதும் உங்கள் பைக் ஹெல்மெட்டைத் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறார். எனக்கு நிரந்தர வேலை கிடைத்தால் கப்பலை விட்டு வந்துவிடுவதாக நீங்கள் சொன்னதை நான் அவருக்கு நினைவுபடுத்தவில்லை. உங்களுக்கும் நினைவுபடுத்தவில்லை.

பணி ஆணையில் இன்னும் கையெழுத்தாகவில்லை. வரும் வெள்ளி மாலைக்குள் வந்துவிடும் என்கிறார் பாமா மேடம். அன்று உங்கள் கப்பல் கொழும்பில் நிற்கும் அல்லவா? மாதா துணையிருக்கட்டும். போனைக் கையிலேயே வைத்திருங்கள்.

உங்கள்
அன்னா