பேண்டேஜ் துணி பட்ட லென்ஸ்

1989 ஆவணி, ஞாயிறு

என் வீட்டுக்காரி செல்வி இன்னைக்கு என் பழைய கேமராவைத் துடைச்சு வச்சிருந்தா. அதுவும் அவ வேலை பாக்குற கம்பெனி பேண்டேஜ் துணியால. லென்ஸ்ல மெல்லிசா ஒரு கீறல். தூசியை ஊதித் தள்ளாம தேய்ச்சா அந்தத் தூசியே கண்ணாடியை அறுத்துரும். கத்திட்டேன்.

"புண்ணுக்கே போடுற சுத்தமான துணி, இதுக்கு ஆகாதா?"ன்னா.

கேமராவோட கறுப்புப் பூச்சு தேஞ்சு, என் விரல் படுற இடமெல்லாம் பித்தளை மின்னும். அந்தத் தேய்மானம்தான் எனக்கு அழகு. அது அவளுக்கு எங்க புரியப்போகுதுன்னு நினைச்சேன்.

"அய்யனார் கோவில் அருவியை எம்புட்டுப் படம் எடுத்தீக. என்னைய ஒண்ணு எடுத்தீகளா?"ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டா.

கல்யாணமானதுல இருந்து எடுத்த படத்தையெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணுகூட இல்லை.

பிலிம் ரோல்ல இன்னும் படம் மிச்சமிருக்கு. காலையில வாசல் வெளிச்சத்துல நிக்கச் சொல்லணும். கீறல் கிடக்கட்டும். அவ நிப்பாளா?