மேட்டுக்கும் முள்ளுக்கும் நடுவே

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் சௌக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. காலையில் போனில் கிரேனில் ஏறாதே என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன், காரணம் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்பாய், அதனால் எழுதுகிறேன், அக்கா இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். அவள் புது வீட்டுக்கு மாறிவிட்டாள், மாடிப்படி செங்குத்து, ஒருமுறை ஏறிப் பார்த்த உன் அப்பா இனிமேல் வேண்டுமானால் அவள் கீழே இறங்கி வரட்டும் என்று சொல்லிவிட்டார். அவருக்குப் பல் பிடுங்கியாயிற்று, வாய் மட்டும் ஓயவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனிப் பரிசோதனையில் துடிப்பு சீராக இல்லை என்றார்கள், கிரேன் ஓட்டத் தடையில்லை என்று உங்கள் டாக்டரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக் கொடு என்று உன் ஈசிஜியை அனுப்பியிருந்தாய். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ஈசிஜி எடுப்பவள் நான், எந்தத் தாளையும் ஒரே வரிசையில்தான் பார்ப்பேன். வேகம் என்ன, ஒவ்வொரு துடிப்புக்கும் கோட்டில் குத்தி எழும் முட்களுக்கு இடையே இடைவெளி சமமா, ஒவ்வொரு முள்ளுக்கும் முன்னால் சின்ன மேடு இருக்கிறதா, மேட்டுக்கும் முள்ளுக்கும் நடுவே எவ்வளவு தூரம், முள் ஒல்லியா அகலமா. மேடே இல்லாமல் முட்கள் கண்டபடி சிதறிக் கிடந்தால் இதயத்தின் மேலறைகள் துடிக்காமல் வெறுமனே நடுங்குகின்றன என்று அர்த்தம், வயதானவர்களிடம் அடிக்கடி பார்ப்பது. உன்னுடையது அப்படி இல்லை. மேடு இருக்கிறது, இடைவெளி மட்டும் மூச்சை இழுக்கும்போது குறுகி, விடும்போது விரிகிறது, இளவயதில் இது இயல்பு. அதைப் பார்த்ததும் அப்பாடா என்று தாளை மடித்துவிட்டேன். ஊரார் பிள்ளை என்றால் மிச்சத்தையும் பார்த்திருப்பேன். 'இவ மனுஷன் முகத்த மறந்தாலும் மறப்பா, ஈசிஜி அலைய மறக்க மாட்டா' என்று உன் அப்பா என்னைக் கேலி செய்வார், அவரிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை.

என் மகன் என்றால் டாக்டர் தாட்சண்யம் பார்ப்பாரே என்று, பெயர் இருந்த ஓரத்தை மடித்துவிட்டு மற்றவர்களின் தாள்களோடு சேர்த்து வைத்தேன். தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தவர் உன் தாளில் நின்றுவிட்டார். 'யாரோடது இது, படபடப்பு, மயக்கம்னு ஏதாவது சொன்னாங்களா' என்றார். மேலறையில் பிறக்கும் துடிப்பு கீழறைக்கு வரும் வழியில் ஒரு வாசலில் கொஞ்சம் நின்று வரும், மேட்டுக்கும் முள்ளுக்கும் நடுவே இருக்கும் சமதளம் அந்த நிற்றல்தான். உன் தாளில் சமதளமே இல்லை, முள் மேட்டை ஒட்டியே சரிவாக ஏறுகிறது. பிறவியிலேயே உன் இதயத்துக்குக் கொல்லைப்பக்கம் இன்னொரு வழி இருக்கிறது, துடிப்பு வாசலில் நிற்காமல் அதன் வழியாக இறங்கிவிடுகிறது. சும்மா கிடக்கும்வரை தொந்தரவில்லை, அந்த வழியில் துடிப்பு சுற்றத் தொடங்கினால் இதயம் தறிகெட்டு ஓடும். மேலே கிரேன் கேபினில் நெஞ்சு படபடவென்று அடித்துக் கண் இருட்டியது என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாயே, நானும் காபியைக் குறை என்றேனே, அது காபி இல்லை. நோயாளிகளை நம்பர் சொல்லியே பழகியவள், மடித்த ஓரத்தைப் பிரித்துக் காட்டி, என் பையன் சார் என்றேன். பயந்துபோனேன் கண்ணா.

கையெழுத்து கிடையாது. அவர் போட மாட்டார், போட்டாலும் நான் அனுப்ப மாட்டேன். தொடை ரத்தக்குழாய் வழியாக இதயம் வரை மெல்லிய கம்பி விட்டு அந்த வழியைச் சுட்டு அடைத்துவிடுகிறார்கள், பெரும்பாலோருக்கு அதோடு தீர்ந்துவிடுகிறது, அதற்குப் பிறகு ஏறலாமா என்பதை அங்குள்ள இதய டாக்டர் சொல்லட்டும். நாளைக்கே போய்ப் பார், தனியாகப் போகாதே. சூப்பர்வைசரிடம் நீயே சொல்லிவிடு, சொல்லாவிட்டால் நான் சொல்வேன், அவர் நம்பரை உன் அறையில் கூட இருப்பவனிடம் வாங்கியாயிற்று. உனக்கு வரவேண்டிய பெரிய கிரேன் வேறொருவனுக்குப் போகும், தெரியும். பிழைப்பில் மண் அள்ளிப் போட்டாள் என்று என்னிடம் பேசாமல்கூட இருப்பாய், அதுவும் தெரியும்.

தீர்க்காயுசாக இரு. எத்தனை நாள் வேண்டுமானாலும் கோபித்துக்கொள், கீழே நின்று கோபித்துக்கொள்.

உன் அம்மா