முப்பத்தெட்டுக் கிலோ

கட்டுகஸ்தோட்டை,
15 ஒக்டோபர் 2025.

அன்புத் தங்கச்சி ரிஸ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் பஹீமும் பிள்ளைகளும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இங்கே நானும் உன் நளீர் மச்சானும் மகள் நுஹாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். மழை தொடங்கிவிட்டது. மகாவலி கலங்கி ஓடுகிறது. பாலத்தடியில் வழக்கம்போல பஸ்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

தாஸிம் நானா ஞாயிற்றுக்கிழமை மெல்பேர்னுக்கு மகளிடம் போகிறார். உனக்கு ஒரு போத்தல் மாசிச் சம்பல் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். அங்கே பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், தன்னைப் பிடித்து வைத்துவிடுவார்கள் என்று மனிதர் நடுங்கிவிட்டார். கடிதத்தை யாரும் பிடிக்க மாட்டார்கள்தானே என்று கேட்டு, இதை மட்டும் கொடுத்து அனுப்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்காகக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். நீ போனில் அழுதால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான்.

நுஹா அனுப்பிய கலியாண வீட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தரம் கேட்டேன். "ராத்தா, ஒங்கட மொகம் உம்மாட கடைசி மொகம் மாதிரியே ஈக்குது. என்னமோ வருத்தத்த எனக்கு மறைக்கிறீங்க. அல்லாவுக்காகச் சொல்லுங்க" என்றாய். இப்படிக் கேட்பது நீ மட்டுமில்லை. ஊரில் பாதிப் பேர் எனக்குச் சீனி வருத்தம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மீதிப் பேருக்கு அது போதவில்லை, அதைவிடப் பெரிதாக ஒன்று வைத்திருக்கிறார்கள். கடைக்கு வருகிறவர்கள் மச்சானிடம் குரலைத் தாழ்த்தி விசாரிக்கிறார்கள். ஒருவர் ஓதிய தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மச்சான் அதை மரியாதையாக வாங்கி வைத்துவிட்டு, "அவ நேத்து காஸ் சிலிண்டர தனியத் தூக்கி குசினியில வெச்ச. இந்தத் தண்ணிய நான்தான் குடிக்கோணும்" என்றாராம்.

எனக்கு நோய் இல்லை, ரிஸ்னா. நான் பாரம் தூக்குகிறேன். கேலிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே இரும்புப் பாரம். இங்கே ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் பெண்களுக்கு மட்டும் ஒரு ஜிம் இருக்கிறது. ஷிராணி என்று ஒரு பிள்ளை நடத்துகிறாள். மடுல்கெல்லப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள், நல்ல கத்தோலிக்கப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்துதான் கதவைத் திறப்பாள். நுஹாதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். பதின்மூன்று மாதமாகிறது. கிழமைக்கு நான்கு நாள் போகிறேன். தொண்ணூற்று நான்கு கிலோ இருந்தவள் இப்போது எழுபத்தேழு.

உடம்பு குறைவது நாம் நினைப்பதுபோல ஒரே சீராக நடப்பதில்லை. எனக்கு முதலில் முகம்தான் வற்றியது. அதைக் கண்டுதான் ஊர் பயந்தது. வயிறு குறைவது கண்ணுக்கே தெரியவில்லை. முதல் பத்துக் கிழமையில் தராசு ஒன்றரைக் கிலோதான் குறைத்துக் காட்டியது. சோற்றைப் பாதியாக்கி, முட்டையும் பருப்பும் கடலையும் தின்று, மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் "யா அல்லாஹ்" என்று சொல்லி இறங்கியதற்கு இதுதானா கூலி என்று வந்த கோபத்தில், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஷிராணி அளவு நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றினாள். நான்கு அங்குலத்தைக் காணவில்லை. கொழுப்புப் போன இடத்தில் தசை வந்திருக்கிறது, தராசுக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்று சொன்னாள். இப்போது தொடையும் முதுகும் இறுகிவிட்டன. மேல்கைத் தோல் மட்டும் பஞ்சு எடுத்த தலையணை உறை மாதிரித் தொங்குகிறது. அது இனிப் போகாதாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு நாள் குளித்துவிட்டு வந்து கண்ணாடியைப் பார்க்கிறேன், கழுத்தெலும்பு தெரிகிறது. தோள் இரண்டும் இலேசாகச் சரிந்து, இடது தோள் ஒரு விரல் அளவு இறங்கி இருக்கிறது. உம்மாவின் தோள். இருபத்தைந்து வருடமாக அது என் சதைக்குள்ளே இருந்திருக்கிறது, எனக்கே தெரியவில்லை. அதனால் நீ படத்தில் கண்டது உம்மாவின் முகம்தான், உம்மாவின் நோய் இல்லை. அதைப் பற்றி இனிக் கவலைப்படாதே.

ஆனால் நீ கேட்டதில் ஒன்று சரி. உன்னிடம் ஒன்றை மறைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

உம்மா மவுத்தான அன்று நீ போனில் கதறியது இன்னும் என் காதில் இருக்கிறது. அஸர் தொழுகைக்குள் அடக்கம் என்று முடிவாகிவிட்டது. எந்த விமானத்தில் ஏறினாலும் உன்னால் வந்து சேர முடியாது. "எனக்கு வர ஏலா ராத்தா. ரெண்டு பேருக்கும் சேத்து நீங்களே உம்மாவக் குளிப்பாட்டுங்க. என்ட பங்குக்கும் தண்ணி ஊத்துங்க" என்றாய். மறுநாள் போன் எடுத்து, குளிப்பாட்டினீர்களா என்று கேட்டாய். ஓ, குளிப்பாட்டினேன் என்றேன். தலைமுடியை யார் பின்னியது என்று கேட்டாய். நான்தான் மூன்று பின்னலாகப் பின்னினேன் என்றேன். பிறகு ஒரு நாள், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பதாகவும், அதை நினைத்தால்தான் உனக்கு மனம் ஆறுவதாகவும் சொன்னாய்.

அது பொய். நான் உம்மாவைக் குளிப்பாட்டவில்லை, ரிஸ்னா. ஒரு கோப்பைத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. என் பங்குக்கும் இல்லை, உன் பங்குக்கும் இல்லை.

பள்ளிவாசலில் இருந்து குளிப்பாட்டும் மேசை வந்தது. பின்னறையில் மறைப்புக் கட்டினார்கள். பள்ளியடி மஸீனா மாமிதான் முன்னின்று செய்தார். பக்கத்து வீட்டு றம்லத் சாச்சி தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். நான் மகள் என்பதால் என்னைத் தோள்பக்கம் பிடிக்கச் சொன்னார்கள். வலப்பக்கம் கழுவுவதற்கு உம்மாவை இடப்பக்கமாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கடைசியாக ஆஸ்பத்திரியில் நிறை பார்த்தபோது உம்மா முப்பத்தெட்டுக் கிலோ. அந்த முப்பத்தெட்டுக் கிலோவை என்னால் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை. முழங்கால் உதறியது, மூச்சு முட்டியது, கை சோர்ந்து வழுக்கியது. உம்மாவின் தலை மேசையில் அடிபடப் போனது. மஸீனா மாமி தன் கையைக் குறுக்கே கொடுத்துத் தாங்கினார். ஏசவில்லை. "மகள், நீங்க போய் வெளிய இரிங்க. உம்மாவுக்கு நோவும்" என்றார்.

ஏசியிருந்தால் மறந்திருப்பேன். நான் வெளியே வந்து கதிரையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. உம்மாவை வருடக் கணக்கில் வைத்துப் பார்த்த மகள், கட்டிலில் புரட்டிவிடக்கூட மச்சானையும் நுஹாவையும் கூப்பிட்டவள், கடைசியிலும் அப்படியே இருந்துவிட்டேன். றம்லத் சாச்சி வெளியே வந்து என் கையைப் பிடித்து, "நல்லாப் பின்னிட்டேன் மகள், மூணு பின்னல்" என்றார். அந்தச் சொல்லைத்தான் எடுத்து என்னுடையது என்று உனக்குச் சொன்னேன்.

ஜிம்முக்குப் போன முதல் நாள் ஷிராணி, "என்னாங்க அக்கா, வீட்டுல கல்யாணமா? எத்தன கிலோ கொறைக்கணும்?" என்று கேட்டாள். குறைப்பதைப் பற்றி எனக்குத் தெரியாது, ஒரு ஆளைப் பிடித்துத் தூக்க வேண்டும் என்றேன். சிரித்தாள். யாரை என்று கேட்டாள். சொன்னேன். உம்மாவைப் பிடிக்க முடியாமல் போனதைக் கேட்ட பிறகு அவள் சிரிக்கவில்லை. அடுத்த கிழமை ஒரு நீளப் பையில் மணல் நிரப்பி, பழைய பெட்ஷீட்டால் சுற்றி வைத்திருந்தாள். இரும்பு சமமாக இருக்கும், ஆள் அப்படி இருக்காது என்று சொல்லி, அதைப் புரட்டவும் சாய்த்துப் பிடிக்கவும் பழக்கினாள். "தூக்குறது பாதி வேலதான் அக்கா. சத்தமில்லாம கீழ வைக்கணும், அதுதான் மீதி" என்பாள். நான் தொப்பென்று போட்டால் மறுபடியும் தூக்க வைப்பாள்.

ஐந்தாம் மாதம் ஒரு நாள் கம்பியை நிலத்திலிருந்து எடுத்து நிமிர்ந்தேன். எவ்வளவு என்று கேட்டேன். நாற்பது என்றாள். உம்மாவைவிட இரண்டு கிலோ கூட. கம்பியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு அங்கேயே இருந்து அழுதேன். மற்றப் பெண்கள் எனக்கு முதுகில் பிடித்துவிட்டது என்று நினைத்து எண்ணெய்ப் போத்தலோடு ஓடி வந்தார்கள்.

இனி உனக்குக் கவலையான ஒரு செய்தி. றம்லத் சாச்சி போன வியாழக்கிழமை மவுத்தாகிவிட்டார். செய்தியைக் கேட்டதும், யாரும் கூப்பிடாமலே போனேன். மஸீனா மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். கட்டுகஸ்தோட்டை முழுதும் நோயாளி என்று சொல்லும் என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை. "தோள்பக்கம் வாங்க மகள்" என்றார். கடைசி வரை பிடித்துக்கொண்டு நின்றேன். கை வழுக்கவில்லை. திரும்பக் கிடத்தியபோது மேசையில் சத்தம் வரவில்லை. அந்த அறைக்குள் கண்டதை வெளியே சொல்வது ஆகாது, அதனால் வேறொன்றும் எழுத மாட்டேன். உம்மாவுக்குப் பின்னிய விரல்களை நான் கழுவினேன். அவருடைய தலைக்கு மூன்று பின்னலும் நான்தான் பின்னினேன். இது பொய் இல்லை.

இதை எழுதி உன் மனதில் இருந்த ஓர் ஆறுதலைப் பிடுங்குகிறேன் என்று தெரியும். எழுதாமலே விட்டுவிடலாம் என்றும் பல நாள் நினைத்தேன். ஆனால் நீ அல்லாஹ்வுக்காகச் சொல்லச் சொன்னாய். படித்த கையோடு போனை எடுத்து, பரவாயில்லை ராத்தா என்று சொல்லிவிடாதே. கோபம் வந்தால் கோபித்துக்கொள். பிள்ளைகளிடம் மட்டும் திருத்திச் சொல்லிவிடு. அவர்களுடைய உம்மும்மாவுக்கு றம்லத் என்று ஒரு நல்ல மனுஷி பின்னினார், பெரியம்மா வெளியே இருந்து அழுதாள் என்று சொல். சாச்சிக்காக அவர்களைத் துஆக் கேட்கச் சொல்.

இன்னும் ஒன்று. கடைச் சாமான் பையைக்கூடத் தூக்க விடாமல் பஹீம் உன்னைப் பார்த்துக்கொள்வதாகப் பெருமை பேசுவாயே, அதை நிறுத்து. இனி நீயே தூக்கு. உனக்கும் நாற்பத்து நான்கு வயதாகிறது. மெலிய வேண்டும் என்று சொல்லவில்லை, கை பலக்க வேண்டும் என்று சொல்கிறேன். நம் இருவரில் யார் முந்திப் போய்ச் சேருவோம் என்று அல்லாஹ் ஒருவனே அறிவான். நீ முந்தினால் நான் எப்படியும் வந்து உன் தோளைப் பிடிப்பேன். நான் முந்தி, அல்லாஹ் நாடி நீயும் வந்து சேர்ந்தால், வெளியே கதிரையில் மட்டும் இருந்துவிடாதே.

அல்லாஹ் உன்னைக் கையிலும் காலிலும் வலுவோடு வைத்திருக்கட்டும்.

உன் மன்னிப்பை எதிர்பார்க்கும் ராத்தா,
ஜஹானா