வில்லையை நிற்க வை

உன் காரியம் முடிந்த அன்று, வேப்பனப்பள்ளியில் உன் வீட்டு வாசலில் வைத்து உன் அண்ணன் சொன்னார்: "தங்கச்சி கம்பெனில பர்மனென்ட் ஆவறதா இருந்தா. அத உட்டுட்டு சேத்த நோண்டிக்கினு கெடந்தா. நீயாவது ஷெட்ட காலி பண்ணிடும்மா. அந்த இரும்புச் சூளைய எடைக்குப் போட்டுடு."

காலி பண்ண மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அது வெறும் சேறு இல்லை என்றும் சொல்லவில்லை. உள்ளே உன் அம்மா அழுதுகொண்டிருந்தார். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. அதையும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

இன்று காலை மாமரச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டும்போது கையுறைக்குள் கொஞ்சம் இறங்கிவிட்டது. சோப்பு போன்ற அந்த வழவழப்பு விரலில் பட்டதும் நீ எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாய்.

கோப்பையின் மேல் கண்ணாடியாக உருகிப் படியும் கிளேஸை டப்பாவில் வாங்கத்தான் நான் சொன்னேன். நாம் அப்போதுதான் கோப்பை வனையக் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தோம். நீ கேட்கவில்லை; கல்தூளையும் மரச்சாம்பலையும் கலந்து நாமே செய்யலாம் என்றாய். "நம்மூர்ல கல்லு இருக்குது, மாமரம் இருக்குது. என்னா கொறச்சல்?" என்று கம்பெனி பஸ்ஸிலேயே சண்டைக்கு வந்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமை கிரானைட் பட்டறையில் போய் நின்றோம். மேஸ்திரி சிரித்தார்.

"இந்தக் கல்லு அறுத்த சேத்தக் கொட்ட எடமில்லாம நாங்க அல்லாடறோம். நீங்க பக்கெட்டோட வந்து நிக்கிறீங்க. பல்லு வெளக்கவா?"

"இதுலதாண்ணா நீங்க டீ குடிக்கப் போறீங்க" என்றாய்.

முதல் சோதனை கன்னங்கரேலென்று வந்தது. பாறையை இரும்புத் துகள் போட்டு அறுக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. தெரிந்ததும், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைச் சேற்றில் விட்டுத் துழாவினாய். அது தாடி முளைத்து வெளியே வந்தது. அடுத்த முறை தேன் நிறம்! சோதனைக்குப் பூசிச் சுட்ட சின்ன மண் வில்லைகளைக் கையில் ஏந்தி ஷெட்டுக்குள் ஆடினோம்.

அதையே கோப்பைக்குப் பூசினோம். கிளேஸ் முழுக்க வழிந்து ஓடி, கோப்பை சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டது. டப்பாவையே வாங்கிவிடலாம் என்று மறுபடியும் ஆரம்பித்தேன். நீ உளியால் தட்டியபடியே சொன்னாய்: "படுக்க வெச்சா எதுவும் ஓடாது, எல்லாம் அழகாத்தான் தெரியும். இனிமே வில்லைய நிக்க வைடி. நின்னு காட்டட்டும்."

நிற்க வைத்தோம். ஒவ்வொன்றும் ஓடியது. ஓடும்போதுதான் நீ வேலையை விட்டாய். எல்லாம் சரியாக வந்த பிறகு விட்டிருந்தால் உன் வீட்டில் மன்னித்திருப்பார்கள். "சரியா வந்தப்பறம் விடறதுக்கு எதுக்குடி தெம்பு?" என்று கேட்டாய். நான் கம்பெனி லைனிலேயே நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நீ கடைசியாகப் பேசிய போனில் கூட, "சாம்பலக் கொறைடி, கல்லுத்தூளு தூக்கலா போடு" என்றுதான் சொன்னாய். ஓய்வெடு என்று அதட்டி போனை வைத்தேன்.

துக்கத்தைப் பற்றிப் பல புத்தகங்கள் படித்திருக்கிறேன். எல்லாம் மனதை ஆற்றச் சொல்கின்றன. சாம்பலைக் குறைக்கச் சொன்னவள் நீ மட்டும்தான். எனக்கு அது போதும். நீ வீணாகப் போனாய் என்று எவர் சொன்னாலும் இப்போது முகத்தைப் பார்த்தே மறுக்கிறேன், உன் அண்ணனிடமும்.

காரியத்தன்று பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ஷெட்டுக்குத்தான் போனேன். சாம்பலைக் குறைத்தேன். கல்தூளைக் கூட்டினேன். வில்லையை நிற்க வைத்துச் சூளையை மூடினேன். ஆறிய பிறகு திறந்தபோது, கிளேஸ் பாதி வரை இறங்கி, நுனியில் ஒரு மணியாகத் திரண்டு, தட்டுக்கு ஓடாமல் அங்கேயே நின்றிருந்தது.

ஷெட்டை நான் காலி செய்யவில்லை.