இல்லாத கல்யாணத்துக்குச் சாப்பாடு

செவ்வாய்க்கிழமை, இரவு.

ஹுத்தான் மெலிந்தாங் ஊரிலிருந்து வந்த அந்த அம்மா, எங்கள் சுங்கை சிப்புட்டில் கல்யாணச் சமையல் ஆரம்பித்து மூன்று மாதம்தான். என் சமையல் ஆர்டரில் பாதி அங்கே போய்விட்டது. எப்படித்தான் அவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுக்கிறார் என்று பார்க்க இன்று நானே போனேன். என்னை அவருக்குத் தெரியாது. என் மகளுக்குக் கல்யாணம், ஐந்நூறு பேர் என்று புளுகினேன்.

"ருசி பாருங்கண்ணே" என்று சாம்பார் கொடுத்தார். என் சாம்பாரைவிட நன்றாகவே இருந்தது. அந்த எரிச்சல் அடங்குவதற்குள் முனியாண்டி அண்ணன் உள்ளே வந்தார். அவர் மகன் கல்யாணத்துக்கு என்னிடம்தான் சாப்பாடு சொல்லியிருக்கிறார்.

"இந்த அண்ணன் மக கல்யாணத்துக்குக் கேக்குறாரு" என்றார் அந்த அம்மா.

"என்னா தம்பி, சொந்த மகளுக்கே இங்கதானா?"

வேவு பார்க்க வந்தேன் என்றா சொல்வது? தலையாட்டினேன்.

சாயங்காலம் முனியாண்டி அண்ணன் போன் செய்தார். "கோவிச்சுக்காத தம்பி. நீயே அங்க ஆர்டர் கொடுக்குற, நாங்களும் அங்கயே கொடுத்துக்கிறோம்லா. ஒன் மகளுக்கு எப்ப தேதி?"

"தை மாசம்ணே" என்றேன். ஏன் சொன்னேன்?

மனைவிக்கு இன்னும் தெரியாது. காம்பாரில் படிக்கும் மகள் வெள்ளிக்கிழமை வருகிறாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே யாராவது அவளிடம் மாப்பிள்ளை யாரென்று கேட்டுவிடுவார்கள்.