கழற்றாத மாலை

தை 5, இரவு.

சபரிமலைக்குப் போய் வந்த கையோடு அம்மாவுக்கு அரவணைப் பாயசம் எடுத்துக்கொண்டு தேவிகாபுரம் போனேன். அண்ணன் மொட்டைத் தலையோடு கதவைத் திறந்தான். நான் மலைக்குக் கிளம்புமுன், இங்கே ஆரணியில் தறியில் உட்கார்ந்திருந்தபோதே அம்மா செத்திருக்கிறாள். எரித்தும் விட்டார்கள்.

"மால போட்டுகினு இருந்தியே, எப்பிடிடா சொல்றது? வெரதம் கெட்டுடாதா?"

அவள் உடம்பு தேறத்தானே மாலையே போட்டேன்!

வீடு திரும்பியதும் பக்கத்து வீட்டு வேதக்கார வாத்தியார் ஆறுதல் சொன்னார். "எங்க பைபிள்லயும் உண்டுங்க. கடவுளுக்குன்னு நேந்துகினவன எபிரேயத்துல நாசீர்னு சொல்லுவாங்க. பிரிச்சு வெச்சவன்னு அர்த்தம். பெத்தவ செத்தாக்கூட அவன் கிட்டப் போவக்கூடாதுங்க."

அந்த நாசீருக்காவது தாய் செத்தது தெரிந்திருக்கும்.

மலையிலிருந்து வந்தால் ஒவ்வொரு வருஷமும் அம்மாதான் மாலையைக் கழற்றுவாள். இன்று தேவிகாபுரத்தில் அண்ணன் கழற்ற வந்தான். கையைத் தட்டிவிட்டேன். இன்னும் கழுத்தில்தான் கிடக்கிறது.