கை படாத புத்தகம்

ரஜபு பிறை 2, சனி

விடிந்ததிலிருந்து மழை. சூலியா தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் இல்லை. குடை கிழிசல், தைக்கக் கொடுக்க வேண்டும்.

அச்சுக்கூட முதலாளி வந்தார். பிள்ளைகளுக்கு மார்க்கம் சொல்லித்தர நான் எழுதிய தீன் பாடப் புத்தகம் போன நோன்பில் வந்தது. ஏதோ விற்றது. இரண்டாம் பாகம் (இனி இ.பா.) எழுதி முடித்து அலமாரியில் கிடக்கிறது. அதை அச்சடிக்க மனுஷனுக்குத் தயக்கம்.

"வாங்குனவங்க என்ன சொல்றாங்கன்னு நாலு வீட்டுல கேட்டுட்டு வாங்க வாத்தியாரே. புள்ளைங்க படிக்குதுன்னு தெரிஞ்சா நாளைக்கே அச்சுக் கோக்கச் சொல்றேன். இல்லேன்னா விட்ருவோம்லா."

நியாயமான பேச்சு. வாங்கியவர்களில் பலர் தெரிந்தவர்கள்தான்.

கேட்க வேண்டியவை: எந்தப் பாடம் பிடித்தது. எழுத்தின் பருமன் போதுமா. கப்பல் பாடம் புரிந்ததா. (கப்பல் சங்கில் தொடங்கி, தொழுகைக்கு அழைக்கும் பாங்குச் சத்தத்துக்கு வருகிற பாடம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.)

ராத்தல் காப்பித்தூள். குடை.

புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். முதல் பக்கத்தில் கட்டம் கட்டி: "கை, முகம், கால் கழுவி ஒளு எடுக்காமல் தொடாதீர். உயர்ந்த இடத்தில் வைப்பீர். பாழாக்குவது பாவம்." எல்லாக் கிதாபுகளிலும் இருப்பதுதான். முதலாளி கேட்டார், எழுதிக் கொடுத்தேன். எடுப்பாக அமைந்திருக்கிறது.

பிறை 3, ஞாயிறு

மழை விட்டது. புழுக்கம்.

அரிசிக்கடை மரைக்காயர் வீடு. வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார். "அருமையான கிதாபு வாத்தியாரே! வாங்குன அன்னிக்கே கண்ணுல ஒத்திக்கிட்டேன்." எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புத்தகத்தைப் பார்க்கலாமா என்றேன். ஏணி வந்தது. அலமாரிக்கு மேலே பச்சைப் பட்டுத் துணி. துணிக்குள் அத்தர் மணக்க என் புத்தகம்.

"பேரன் படிச்சானா?"

"அவனா? எந்நேரமும் கையில மிட்டாய் வச்சுக்கிட்டுத் திரியிற பய. அவங்கிட்டக் குடுப்பாங்களா? பெரியாளாகட்டும், தானா படிப்பான்."

பெரிய ஆளான பிறகு படிக்க அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது? சிரித்துவிட்டு வந்தேன். பசியாறச் சொன்னார். சாப்பிட மனம் வரவில்லை.

பிறை 5, செவ்வாய்

ஃபெர்ரி ஏறி பட்டர்வொர்த். ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒருவர் வீடு. அவர் வேலைக்குப் போயிருந்தார். திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி: "நல்ல புத்தகம்ணே. வந்ததுலேருந்து வீட்டுல பரக்கத்து. புள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்போ தலமாட்டுல வச்சோம், எறங்கிருச்சு."

எந்தப் பாடம் பிடித்தது என்று கேட்டேன். "எல்லாமே நல்லாத்தான் இருக்கும்ணே."

புத்தகத்தைத் திரைக்கடியில் நகர்த்தினார். தாள் மடிப்புகள் வெட்டப்படவே இல்லை. அச்சுக்கூடத்திலிருந்து வந்தது வந்தபடியே. கப்பல் பாடம் மடிப்புக்குள் மூச்சுமுட்டிக் கிடக்கிறது. அந்தப் பிள்ளையின் காய்ச்சலை இறக்கியது பாடமில்லை, வெறும் காகிதம்.

திரும்பும்போது கடல் கொந்தளிப்பு. தலைசுற்றல். இ.பா. பையில் இருந்தது, வெளியே எடுக்கவில்லை.

பிறை 6, புதன்

வேறு மூன்று வீடுகள். ஒரே அபிப்பிராயம். அருமை, பரக்கத்து, பத்திரமாக இருக்கிறது. திட்டுகிறவன் ஒருவன் கிடைத்தால் காலில் விழுந்திருப்பேன்.

மாலையில் வீட்டில் கேட்டேன், நம் புத்தகம் எங்கே என்று. என் மனைவி கதீஜா: "குர்ஆனோட சேத்து மேல வச்சிருக்கேன். ஏங்க, தப்பா?" தப்பென்று எந்த வாயால் சொல்வது. முதல் பக்கத்தில் நான்தானே சொல்லியிருக்கிறேன்.

என் மகள் தரையில் குப்புறப் படுத்து இங்கிலீஷ் பாடப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். அதிலுள்ள பூனைப் படத்துக்கு மீசை வரைந்திருக்கிறாள். பக்கமெல்லாம் ரொட்டியின் நெய். அட்டை பிய்ந்து தொங்குகிறது. அந்தப் புத்தகத்தைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

பிறை 7, வியாழன்

ஒன்றுமில்லை. வெயில். குடை வந்தது. வகுப்பில் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

பிறை 8, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தால், வாசலில் காதர் நிற்கிறார். தோளில் காவுத்தடி சுமந்து தெருத்தெருவாகச் சோறும் குழம்பும் விற்கிறவர். கையில் துண்டால் சுற்றிய பொட்டலம். பின்னால் எட்டு வயது மகள் ரஹிமா.

பொட்டலத்துக்குள் என் புத்தகம். அட்டை இல்லை. மஞ்சள் கறை, மீன்குழம்பு வாசம். பக்க ஓரங்கள் எல்லாம் சுருண்டு, பென்சில் கோடுகளாக. கப்பல் பாடத்தில் புகைபோக்கிக்குப் புகை வரைந்திருக்கிறது. அதன் கீழே கோணல்மாணலாக: "ராத்திரி கப்பல் வந்தா சங்கு ஊதினா பாப்பா முழிச்சிக்காதா?"

என் புத்தகத்தைப் படித்தவரிடமிருந்து வந்த ஒரே அபிப்பிராயம். கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் முதலாளியிடம் காட்ட வேண்டும், இ.பா. வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

காதர் அதற்குள் கைகூப்பிவிட்டார். "மன்னிச்சிருங்கண்ணே. கிதாபப் பாழாக்கிருச்சு. மொதப் பக்கத்துலயே பாவம்னு போட்டிருக்கில்ல. அத எழுத்துக் கூட்டி வாசிச்சுக் காட்டித்தான் வெளுத்தேன். இனி தொடாது. இத நீங்களே கடல்ல விட்ருங்க, வீட்டுல வச்சுக்க பயமா இருக்கு."

பிள்ளையின் விரல்களைப் பார்த்தேன். பிரம்பு பட்ட வரி சிவந்து கிடந்தது.

என்னென்னவோ சொன்னேன். பாவமில்லை என்றேன். அந்த வரியை எழுதியது நான்தான், தெரியாமல் எழுதிவிட்டேன் என்றேன். காதர் தலையாட்டினார், நம்பவில்லை. நான் மரியாதைக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டார்.

உள்ளே போய்ப் புதுப் பிரதி ஒன்று எடுத்து, அந்த முதல் பக்கத்தைக் கிழித்தேன். காதர் "அல்லாவே!" என்றார். புத்தகத்தை ரஹிமாவிடம் நீட்டினேன். "இது ஒனக்குத்தான்மா. இதுல எழுதலாம். கிறுக்கலாம். கிழிஞ்சாலும் பரவால்ல."

அவள் அப்பாவைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் ஒளு எடுக்கலைங்க."